வரி கட்டுவது நாம்; வாய் திறப்பது யார்?

தோட்டத்தில் இருந்தவரை நகராண்மைக் கழகம் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. லயத்துக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்டால் மண்டோரிடம் சொல்வோம். மண்டோர் கிராணியிடம் சொல்வார். கிராணி பெரிய துரையின் காதில் போடுவார். துரை மனம் வைத்தால் மறுநாள் பெரட்டிலேயே இரண்டு ஆளை அந்த வேலைக்கு ஒதுக்கிவிடுவார்கள். மனம் வைக்காவிட்டால் கொசுக்கடிதான். நல்லதோ கெட்டதோ, யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

இன்று நம் மக்களில் பெரும்பாலோர் லயத்தை விட்டு வெளியேறிவிட்டனர். ஆயர் குரோ, செங், பாயா ரும்புட், டுரியான் துங்கல், அலோர் காஜா, ஜாசின் என்று மலாக்கா மாநிலத்தின் எந்தப் பட்டணத்தை எடுத்துக்கொண்டாலும், அதன் மலிவு விலை வீடுகளில் பால் மரம் வெட்டிய குடும்பங்களைக் காணலாம். சொந்த வீடு. வாசலில் துளசி மாடம். வருடத்தில் இரண்டு தடவை வீட்டு வரிச் சீட்டு. ஆனால் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் சொல்வது?

இந்தக் கேள்வியை நாம் பலரிடம் கேட்டுப் பார்த்தோம். "கட்சிக் கிளைத் தலைவர்கிட்டச் சொல்வோம்" என்றார் ஒருவர். "சட்டமன்ற உறுப்பினர் ஆபிசுக்குப் போவோம்" என்றார் இன்னொருவர். காட்டு வேலையில் முப்பது வருடம் கழித்த ஒரு பெரியவரோ, "அங்கன ஒரு துரைதான் தம்பி. இங்கன எத்தனை துரைன்னே தெரியலையே!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. "நம்ம வட்டாரத்துக் கவுன்சிலர்கிட்டச் சொல்வோம்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அப்படி ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. நாம் ஓட்டுப் போட்டு வந்தவராக இருந்தால்தானே பெயர் தெரியும்?

பெரியவர் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம்.

மலாக்கா மூன்று மாவட்டங்களைக் கொண்ட சிறிய மாநிலம். ஆனால் அதற்கு நான்கு உள்ளாட்சி மன்றங்கள். 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ல் மாநகர் தகுதி பெற்ற மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம் ஒன்று. அதே ஆண்டில் நகராண்மைக் கழகமாக உயர்ந்த அலோர் காஜா இரண்டு. 2007-ல் உயர்ந்த ஜாசின் மூன்று. 2010 ஜனவரியில் புதிதாகப் பிறந்த ஹங் துவா ஜெயா நான்கு. இந்த நான்காவதுதான் நம் மக்களை அதிகம் குழப்புகிறது. மூன்று மாவட்டங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி எடுத்து ஆயர் குரோவை நடுவில் வைத்துத் தைத்த சட்டை அது. நேற்றுவரை ஒரு மன்றத்துக்கு வரி கட்டிய வீடு, இடத்தை விட்டு அசையாமலே வேறு மன்றத்துக்குப் போய்விட்டது. ஆகவே வரிச் சீட்டின் தலைப்பில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் மன்றம்.

மன்றம் தெரிந்துவிட்டால் போதுமா? போதாது. குப்பையை எடுத்துக்கொள்வோம். குப்பை லோரி வரவில்லை என்றால் நம்மவர்கள் நேரே நகராண்மைக் கழகத்துக்குப் போய்ச் சத்தம் போடுகிறார்கள். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் மலாக்காவில் அமலுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து குப்பை அள்ளுவதும் தெருக் கூட்டுவதும் கூட்டரசு நியமித்த கழகத்தின் மேற்பார்வையில், ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் வேலை. மன்றத்தின் முகப்பில் நின்று கத்தினால் அங்கே இருக்கும் பிள்ளை பாவம், என்ன செய்யும்? பெரிய கால்வாய் வடிகால், நீர்ப்பாசன இலாகாவைச் சேர்ந்தது. பெரிய சாலை பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்தது. குடிதண்ணீர் தனி நிறுவனம், மின்சாரம் தனி நிறுவனம். வீடமைப்புக்குள் இருக்கும் சின்னச் சாலை, தெரு விளக்கு, விளையாட்டுத் திடல், பாசார் மாலாம் லைசென்சு, கட்டட அனுமதி இவையெல்லாம் மன்றத்தின் பொறுப்பு. வழி தெரியாமல் மூன்று இலாகா ஏறி இறங்கியவன் நான்காவதுக்குப் போவதில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறான்.

வரி விஷயத்துக்கு வருவோம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் புலம்புகிறார்கள், குறைவாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

நில வரி வேறு, வீட்டு வரி வேறு. நில வரி நில அலுவலகத்துக்குப் போகிறது. வீட்டு வரி மன்றத்துக்குப் போகிறது. பிப்ரவரி கடைசிக்குள் ஒரு பாதி, ஆகஸ்டு கடைசிக்குள் ஒரு பாதி. இதைக் கணக்கிடும் முறை ஒன்றும் ரகசியமல்ல. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 500 வெள்ளி கிடைக்கும் என்று மன்றம் மதிப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு மதிப்பு 6,000 வெள்ளி. மன்றம் நூற்றுக்கு 8 என்று விகிதம் வைத்தால் வருட வரி 480. ஆறு மாதத்துக்கு 240. இந்த விகிதம் நூற்றுக்கு 35-க்கு மேல் போகக்கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

புதுப் பட்டியல் வரும்போது ஆட்சேபம் சொல்ல வீட்டுக்காரனுக்கு உரிமை உண்டு. எழுத்து மூலமாகச் சொல்ல வேண்டும். மறு ஆய்வுக்குக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாள் முன்னதாகவே கடிதம் போய்ச் சேர வேண்டும். நாம் பார்த்த சில ஆட்சேபக் கடிதங்களில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "தெரு விளக்கு எரியவில்லை, புல் வெட்டவில்லை, ஆகவே வரியைக் குறையுங்கள்." நியாயமான கோபம்தான். ஆனால் சட்டத்தின் 142-ஆம் பிரிவு ஏற்றுக்கொள்ளும் காரணங்களில் இது இல்லை. 'என் வீட்டுக்கு நீங்கள் போட்ட மதிப்பு அதிகம்' என்பதுதான் எடுபடும். அதே வரிசையில் அதே அளவு வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று உதாரணம் காட்டினால் கடிதத்துக்குப் பலம். விளக்குக்கும் புல்லுக்கும் தனியாக ஒரு புகார்க் கடிதம் எழுதுங்கள். இரண்டையும் ஒரே காகிதத்தில் போட்டுக் குழப்பினால் இரண்டும் குப்பைக் கூடைக்குப் போகும்.

நிற்க. வரி கட்டுகிறவனுக்கு ஓட்டு ஏன் இல்லை? இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. இளைஞர்கள் பலருக்கு இந்த நாட்டில் நகரசபைத் தேர்தல் நடந்ததே தெரியாது.

நடந்தது. 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் முதல் நகரசபைத் தேர்தல். 1952 தொடக்கத்தில் கோலாலம்பூர். அதன்பின் சிறிய பட்டணங்களுக்கும் புதுக் கிராமங்களுக்கும் அது பரவியது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே சாதாரண ஜனங்கள் ஓட்டுப் பெட்டியைப் பார்த்தது இந்தத் தேர்தல்களில்தான். 1957-ல் ஜார்ஜ் டவுன் மாநகரின் முதல் மேயராக அமர்ந்தவர் யார்? நம் இனத்தவரான டி. எஸ். இராமநாதன்! ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் கட்சி நகரசபையைத் தன் கையில் வைத்திருந்தது.

1965-ல் இந்தோனேசியாவுடன் மோதல் முற்றியிருந்த நேரம். நாட்டு நிலைமையைக் காட்டி அந்த மார்ச்சு மாதம் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நிறுத்தி வைப்புத்தான், ஒழிப்பு அல்ல என்றார்கள். அதே ஆண்டில் உள்ளாட்சி மன்றங்களின் நடைமுறையை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ம.இ.கா. தலைவர்களில் ஒருவர், ஆளுங்கட்சிக்காரர். ஆகவே எதிர்க்கட்சிக்குச் சாதகமாக எழுதியிருப்பார் என்று எவரும் சொல்ல முடியாது. ஆணையம் நாடெங்கும் விசாரித்தது. மன்றங்களில் கோளாறுகள் இருக்கின்றன, அவற்றைச் சீர்ப்படுத்த வேண்டும், ஆனால் தேர்தல் முறை தொடர வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அரசாங்கம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1976-ல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தேர்தலுக்கான விதிகள் அனைத்தும் செல்லாது என்று கதவைச் சாத்திவிட்டது.

இதில் தோட்ட மக்களுக்கு நேர்ந்ததை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. தேர்தல் நடந்த அந்தப் பதினான்கு ஆண்டுகளில் நாம் எங்கே இருந்தோம்? லயத்தில். பெரும்பாலான தோட்டங்கள் நகரசபை எல்லைக்கு வெளியே கிடந்தன. தோட்டம் என்பது கம்பெனியின் சொந்த நிலம். சாலையும் தண்ணீரும் விளக்கும் துரை தரும் பிச்சை. பக்கத்துப் புதுக் கிராமத்துச் சீனர் தம் ஊர் மன்றத்துக்கு ஓட்டுப் போட்ட நாளில் நம் அப்பாவும் அம்மாவும் பால் வாளியோடு காட்டில் நின்றார்கள். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. கித்தா போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. நாம் மூட்டை கட்டிக்கொண்டு பட்டணத்துக்கு வந்தோம். வந்து பார்த்தால் ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களுக்கு இருந்து பறிபோனது. நமக்கு ஒரு நாளும் இருந்ததே இல்லை. அதனாலேயே அதை இழந்த வலியும் நமக்கு இல்லை.

சரி, இப்போது கவுன்சிலர்களை யார் போடுகிறார்கள்? மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்தில் எட்டுப் பேருக்குக் குறையாமல், இருபத்து நான்கு பேருக்கு மேற்படாமல், மூன்றாண்டுக்கு மிகாத தவணையில். அவர்களில் பெரும்பான்மையோர் அந்தப் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும். உள்ளாட்சி அனுபவமோ தொழிலில் சிறப்போ தம் சமூகத்தின் நலனைப் பேசும் திறமையோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் ஆளுங்கட்சிகள் நாற்காலிகளைப் பங்கு பிரித்துக்கொள்கின்றன. எந்தக் கூட்டணி ஆண்டாலும் இது மாறவில்லை. நியமனத்தில் வந்தவர்களில் உழைப்பவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தன்னை நாற்காலியில் வைத்தவருக்குத்தானே ஒருவர் கணக்குச் சொல்வார்? கட்சி வைத்தால் கட்சிக்கு, ஜனம் வைத்தால் ஜனத்துக்கு.

தேர்தல் வேண்டாம் என்பவர்களும் ஒரு காரணம் சொல்கிறார்கள். 2018-ல் ஆட்சி மாறியபோது உள்ளாட்சித் தேர்தலை மீண்டும் கொண்டுவருவது பற்றிப் பேச்சு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அப்போதைய பிரதமர் மகாதீர் அதற்குத் தடை சொன்னார். பட்டணத்தில் ஓர் இனம், கிராமத்தில் ஓர் இனம் என்று மன்றங்கள் பிரிந்துபோகும், இனப் பகை வளரும் என்பது அவர் அச்சம். அதற்கு முன்பே பினாங்கு அரசு 2012-ல் தன் சட்டமன்றத்தில் ஒரு சட்டம் செய்து பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே இது நாடாளுமன்றம் மனம் வைக்க வேண்டிய காரியம்.

இன அச்சம் பற்றி நாம் ஒன்று சொல்வோம். 1950-களில் பட்டணம் என்றால் சீனர், கம்பம் என்றால் மலாய்க்காரர், தோட்டம் என்றால் தமிழர் என்று கோடு போட்டுக் காட்டலாம். இன்று ஆயர் குரோ பக்கத்து மாடி வீடு ஒன்றில் போய்ப் பாருங்கள். கீழ்மாடியில் மலாய்க்காரர், மேலே நம்மவர், எதிர் வீட்டில் சீனர். ஒழுகுகிற தண்ணீர்க் குழாய் மூன்று வீட்டுக்கும் ஒன்றுதான். அங்கே தேர்தல் வந்தால் குழாயைப் பற்றித்தான் பேச்சு வரும் என்பது நம் எண்ணம். தேர்தல் வந்தால் நம்மவர் ஜெயிப்பார்களா என்றும் சிலர் கேட்கிறார்கள். மலாக்காவில் நாம் சிறுபான்மை. பல வட்டாரங்களில் தனியாக நின்றால் டெப்பாசிட்டே போகும். அதனால் பாதகமில்லை. நம் தெருவில் இருபது ஓட்டு இருக்கிறதென்றால் ஜெயிக்க நினைக்கிறவன் நம் தெருச் சாக்கடையை எட்டிப் பார்ப்பான்.

இதற்கிடையில் மேம்பாடு என்று எதைச் செய்கிறார்கள்? மலாக்காவுக்கு 2008 ஜூலையில் உலக மரபுடைமை நகர் என்ற பெருமை கிடைத்தது. நல்லது. சுற்றுப்பயணிகள் வருகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு ஹோட்டல்களில் வேலை கிடைக்கிறது. ஆனால் பெரிய கனவுகளும் வந்தன. 2010-ல் ஆற்றோரம் மோனோரெயில் விட்டார்கள், ஓடத் தொடங்கியவுடனேயே நின்றது. 2014-ல் கடலைத் தூர்த்துப் பெருந்துறைமுகமும் தீவுகளும் என்று மலாக்கா கேட்வே திட்டம் தொடங்கினார்கள். 2020 நவம்பரில் மாநில அரசே அதன் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. கடலை மூட இடம் பார்த்தவர்கள் மழைக்கு மிதக்கும் வீடமைப்புகளை ஒரு நடை வந்து பார்த்திருக்கலாம்.

கடைசியாக, நமக்கு மிக நெருங்கிய விஷயம். இந்த நாட்டில் தோட்டமாகக் கித்தா முதன்முதலில் நடப்பட்டது நம் மலாக்காவில்தான். 1896-ல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் விரிவாக்கினார். அந்தக் காடுகளை நம்பி வந்தவர்கள் எழுப்பிய பள்ளிகளும் கோயில்களும் இன்னும் நிற்கின்றன. மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள். காடேக் தோட்டம், தெபோங் தோட்டம், டைமண்ட் ஜூபிலி தோட்டம் என்று பலவற்றின் பெயரில் இன்றும் தோட்டம் இருக்கிறது. தோட்டத்து நிலம் கைமாறும்போது முதலில் ஆபத்து வருவது கோயிலுக்கு. காரணம்? அது நிற்கும் மண் நம் பெயரில் இல்லை.

மேம்பாட்டாளர் ஒருவர் வீடு கட்ட மனுச் செய்தால் சுற்றியிருப்பவர்களுக்கு ஆட்சேபம் சொல்ல உரிமை இருக்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21-ஆம் பிரிவை நன்றாகப் படித்துப் பார்த்தோம். அந்த நோட்டீசு பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்குத்தான் போகும். ஆட்சேபிக்க அவர்களுக்கு 21 நாள். அதுவும் உள்ளூர்த் திட்டம் இன்னும் தயாராகாத இடத்தில் மட்டுமே. லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் நாம் உரிமையாளர் அல்ல. அந்தத் தபால் நம் வாசலுக்கு வராது. 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் எண் சட்டம் தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு வீடு, பிள்ளைக் காப்பகம், மருத்துவ வசதி, பயிர் செய்யவும் மாடு மேய்க்கவும் நிலம் என்று பலவற்றைச் சொல்கிறது. ஆனால் அது முதலாளியின் கடமையைச் சொல்லும் சட்டம். அந்த மண் நாளைக்கு என்னவாக வேண்டும் என்று கேட்கும்போது தொழிலாளியின் வாய்க்கு அதில் இடமில்லை.

இடம் இருப்பது ஒரே கட்டத்தில்தான். மன்றம் தன் எல்லைக்கு உள்ளூர்த் திட்டத்தின் நகலைத் தயாரித்ததும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறைந்தது நான்கு வாரம். அப்போது நில உரிமையாளரென்று இல்லை, யார் வேண்டுமானாலும் கருத்தும் ஆட்சேபமும் எழுதலாம். எந்த இடம் வீடமைப்பு, எந்த இடம் தொழிற்பேட்டை, எந்த இடம் பள்ளி, எந்த இடம் வழிபாட்டுத் தலம் என்று வண்ணம் தீட்டிய வரைபடம் அங்கே மாட்டியிருக்கும். உங்கள் மாரியம்மன் கோயில் நிற்கும் இடம் அதில் வீடமைப்பு நிறத்தில் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டிய நாள் அதுதான். பிறகு புல்டோசர் முன்னால் படுப்பதைவிட அன்றைக்கு ஒரு கடிதம் கொடுப்பது சுலபம். மன்றத்தின் கூட்டங்களும், மூடிய கூட்டம் என்று தீர்மானம் போட்டாலன்றி, பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தவை என்று உள்ளாட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூறுகிறது. பத்துப் பேர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின் வரிசையில் போய் உட்காரலாம். பேச முடியாதுதான். ஆனால் யார் நமக்காகப் பேசுகிறார், யார் தூங்குகிறார் என்பது தெரிந்துவிடும்.

கோயில் நிர்வாகத்தினரும் பள்ளிப் பெற்றோர் சங்கத்தினரும் தத்தம் மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், நம் எல்லைக்கான உள்ளூர்த் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த திருத்தம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் நிலத்தின் லாட் எண், கோயிலோ பள்ளியோ எழுந்த ஆண்டு, வந்துபோகும் குடும்பங்களின் எண்ணிக்கை, பழைய படம் ஒன்று, தோட்ட நிர்வாகம் எப்போதாவது எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு இருந்தால் அதன் நகல் இவை இருக்கட்டும். கொடுத்ததற்கு முத்திரை போட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். மலாயில் எழுதத் தயங்குகிறவர்கள் வீட்டுப் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லலாம். ஐந்தாம் பாரம் முடித்த பிள்ளை இல்லாத குடும்பம் இன்று நம் பக்கத்தில் ஏது?